ஒரே மேசைக்கு வரும் கோப்புகள்

ஒரு கைக்குழந்தை இறந்துவிடுகிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கை ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. சில வாரங்களுக்கு முன் அவசரப் பிரிவில் எழுதிய சீட்டு மருத்துவமனையிலும், பக்கத்து வீட்டார் கொடுத்த புகார் காவல் நிலையத்திலும், வீட்டுக்குப் போய்வந்த ஊழியரின் குறிப்பு குழந்தைகள் நலத் துறையிலும் கிடக்கின்றன. ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பார்த்தவர் யாருமில்லை.

1978-ல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் குழந்தைகள் மனநல மருத்துவர் மைக்கேல் டர்ஃபியின் முயற்சியால் இந்த அலுவலகங்களின் ஆட்களெல்லாம் ஒரே மேசைக்கு வந்தார்கள். அமெரிக்காவின் முதல் குழந்தை மரண ஆய்வுக் குழு அப்படித்தான் பிறந்தது. இன்று ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய ஆய்வு நடக்கிறது.

தொட்டில் மரணமா, வேறா?

1946-ல் ஜான் காஃபி என்ற நியூயார்க் மருத்துவர் மூளையைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்த ஆறு குழந்தைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தார். கை கால் எலும்புகளில் 23 முறிவுகள். எப்படி முறிந்தன என்று பெற்றோருக்குச் சொல்லத் தெரியவில்லை. அடிபட்ட குழந்தைகள் என்று மருத்துவ உலகம் வாய்விட்டுச் சொல்ல 1962 வரை ஆனது. அந்த ஆண்டுதான் மருத்துவர் ஹென்றி கெம்பியின் கட்டுரை வந்தது.

அதன் பிறகும் கண்கள் ஏமாந்தன. நியூயார்க் மாநிலத்தில் ஒரே வீட்டில் 1965 முதல் 1971 வரை ஐந்து குழந்தைகள் இறந்தன. தூக்கத்தில் மூச்சு நின்றுபோவது குடும்பவழி வரும் என்பதற்குச் சான்றாக, அவற்றில் இரண்டு மரணங்கள் 1972-ல் மருத்துவ இதழிலேயே இடம்பெற்றன. கொன்றது தாய்தான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1995-ல்.

எதிர்த்திசைத் தவறும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் இரண்டு கைக்குழந்தைகளை இழந்த ஒரு தாய் 1999-ல் கொலைகாரி என்று சிறைக்குப் போய், 2003-ல் நிரபராதியாக வெளியே வந்தார். தொட்டில் மரணம் எனப்படும் திடீர் சிசு மரணங்களில் பெரும்பாலானவற்றில் யார் கையும் இல்லை. சந்தேகப்படுவதும் நம்புவதும் ஆள் முகத்தைப் பார்த்து நடக்கக் கூடாது என்பதற்காகவே ஆவணங்கள் மேசைக்கு வர வேண்டும்.

தண்டிக்கும் இடமல்ல

ஆய்வுக் குழுவின் கூட்டம் பொதுவாக மூடிய கதவுக்குள் நடக்கும். குற்றவாளி யார் என்பது காவல் துறை, நீதிமன்றத்தின் வேலை. இந்த மரணத்தை எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்பதுதான் குழுவின் கேள்வி. பிறகு பரிந்துரைகள் எழுதப்படும். பலவீனம் இங்கேதான்: நிறைவேற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் பெரும்பாலும் குழுவுக்குக் கிடையாது. கொடுமையாலும் கவனிப்பின்மையாலும் இறந்த குழந்தைகள் 2022-ல் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,990; அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஒரு வயது நிறையாதவர்கள்.

சின்னக் காயம் சொல்வது

பெரிய அடிக்கு முன்னால் சின்னக் காயம் ஒன்று வந்திருக்கும் என்பது கோப்புகளைப் பின்னோக்கிப் புரட்டும்போது அடிக்கடி தெரிகிறது. விஸ்கான்சினில் 2013-ல் வெளியான ஆய்வில், கொடுமைக்கு ஆளான 200 சிசுக்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் முன்பே இப்படிக் காயம்பட்டிருந்தது. பெரும்பாலும் தோல் கன்றிய தடம். கவிழ்ந்து தவழத் தெரியாத குழந்தை தானாக எங்கே போய் இடித்துக்கொள்ளும்? நான்கு மாதம் நிறையாத பிள்ளையின் உடம்பில் எங்கே கன்றியிருந்தாலும், நான்கு வயதுக்குள் காது, கழுத்து, மார்பு, வயிறு, முதுகில் கன்றியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ரத்தம் உறையாத நோயாலும் இப்படி வரலாம். ஆகவே பரிசோதனை எல்லோருக்குமே நல்லது.

அழுகை உச்சிக்கு ஏறும் வாரங்கள்

கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கும் கோபம் பெரும்பாலும் ஓயாத அழுகையில் தொடங்குகிறது. அழுகை கூடிக்கொண்டே போய் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உச்சம் தொடும், பிறகு தணியும். 1998 இறுதியில் மேற்கு நியூயார்க் மருத்துவமனைகள் பிரசவ வார்டிலேயே பெற்றோருக்கு இதைச் சொல்லி, உலுக்குவதன் ஆபத்தைப் புரிந்துகொண்டோம் என்று கையெழுத்தும் வாங்கின. அடுத்த சில ஆண்டுகளில் உலுக்குவது போன்ற கொடுமையால் வரும் தலைக்காயம் 47 சதவீதம் குறைந்ததாக அறிக்கை வந்தது. அதே முறையைப் பென்சில்வேனியா மாநிலம் முழுவதும் கொண்டுபோனபோது குறையவில்லை. ஒருமுறை சொன்னது போதாதோ என்னவோ. தடுப்பூசி போட வரும்போதெல்லாம் தகப்பனையும் உட்கார வைத்துச் சொல்லலாம் என்பது என் கட்சி.

பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, இன்னும் அழுகிறது, உங்களுக்குத் தலைக்கேறுகிறது என்றால் பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அறைக்கு வெளியே போங்கள். அம்மாவையோ அக்காவையோ போனில் கூப்பிடுங்கள். சில நிமிடம் கழித்துத் திரும்பிப் போய்ப் பாருங்கள். காய்ச்சலோ வாந்தியோ இருந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.