மருந்தும் மதியும்

திருக்குறளில் ‘மருந்து’ என்றோர் அதிகாரம் உண்டு. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்திற்குக் கூறுகள் நான்கு என்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அம் மருந்தை அருகிருந்து கொடுப்பவர். முதல் மூன்றையும் நாம் நன்கறிவோம். நான்காமவர் யார் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில்தான் அந்த நான்காமவன் நானே என்பது எனக்கு விளங்கிற்று.

தீபாவளிக்கு ஊர் செல்ல ஆய்வுக்கூட வேலை இடந்தரவில்லை. “நீ வராவிட்டால் என்ன தம்பி, நான் வருகிறேன்” என்று என் தந்தையார் சென்னையில் கிராண்ட் டிரங்க் விரைவு வண்டி ஏறிவிட்டார். பள்ளி ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது ஆண்டுகளாய் நீரிழிவுக்கு மாத்திரை உண்டு வருபவர். வண்டியில் மறுநாட் காலை வழக்கம் தவறாமல் மாத்திரையை விழுங்கினார். கட்டிக்கொண்டு வந்த இட்லி கெட்டுப் போயிருந்தது. நாகபுரியில் ஏதேனும் வாங்கிக்கொள்ளலாம் என்று சாய்ந்தவர் கண்ணயர்ந்துவிட்டார். நாகபுரி வந்தது, போயிற்று. விழித்தபோது உடலெல்லாம் வியர்வை, கையில் நடுக்கம், நெஞ்சில் படபடப்பு, வாய் திறந்தால் சொல் குழறுகிறது. எதிர் இருக்கையில் ஒரு மராத்தி அம்மையார். அவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு மராத்தி தெரியாது. அவர் என் தந்தையாரின் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். அவருடைய கணவருக்கும் அதே நோயாம். உடனே தேநீரில் நிறையச் சர்க்கரை கரைத்துப் பருகச் செய்தார். கால் மணி நேரத்தில் தந்தையார் தெளிவடைந்தார்.

புது தில்லி நிலையத்தில் இறங்கியதும் இதனை ஒரு வேடிக்கைக் கதைபோல் அவர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவே அவருடைய மருந்துப் பெட்டியைத் திறந்தேன். நான் மருத்துவன் அல்லன், வேதியியல் மாணவன். எனினும் அட்டையிற் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரைப் படிக்க அவ்வளவு கல்வி போதும். பழைய டாக்டர் எழுதிய மாத்திரை ஒன்று, புதிய டாக்டர் எழுதிய மாத்திரை ஒன்று. பெரிய எழுத்தில் வணிகப் பெயர்கள் வெவ்வேறு. உள்ளே இருந்த மருந்தோ ஒன்றே, கிளிமிப்பிரைடு. இரண்டையும் அவர் நாள்தோறும் விழுங்கி வந்திருக்கிறார். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையின் அட்டை மட்டும் பிரிக்கப்படாமல் கிடந்தது. “எண் சரியாகிவிட்டதே, பிறகு எதற்கு?” என்றார்.

ஒரே பெட்டியில் இரண்டு பிழைகள். இவை என் தந்தையார் ஒருவர்க்கே உரியன அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல். இதைப் படிக்கும் நண்பர்களில் பலர் வீட்டிலும் அத்தகைய பெட்டி ஒன்று இருக்கும். ஆகவே அப்பெட்டியினுள் இருப்பவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைச் சிறிது காண்போம்.

சர்க்கரை மாத்திரை ஒரே இனம் அன்று

‘சர்க்கரை மாத்திரை’ என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரு தனி மருந்து அன்று. ஒன்றுக்கொன்று குணத்தில் வேறுபட்ட பல மருந்துகளின் கூட்டம் அது.

மிகுதியாக வழங்கும் மருந்து மெட்ஃபார்மின். ஐரோப்பாவில் விளையும் கலீகா என்னும் செடியில் உள்ள பொருளின் வழியில் வந்த வேதிப்பொருள் இது. 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இது நீரிழிவுக்குப் பயன்படுவதை எடுத்துக் காட்டினார். நம் கல்லீரல் தானாகவே சர்க்கரையைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. நீரிழிவில் அவ்வேலை அளவு மீறுகிறது. அதை அடக்குவது மெட்ஃபார்மின். இதனை மட்டும் உண்போர்க்குச் சர்க்கரை அபாயமாய் இறங்குவது அரிது. வயிற்றைப் புரட்டும், ஆதலால் உணவோடு உண்ண வேண்டும். இது சிதையாமல் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு ஆகாது. கடும் வாந்தியும் பேதியும் கண்டு உடலில் நீர் வற்றும்போதும், சாயம் செலுத்திப் படமெடுக்கும் பரிசோதனைக்கு முன்னும், இதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். பல்லாண்டு உண்போர்க்கு, சிறப்பாகச் சைவ உணவினர்க்கு, வைட்டமின் பி-12 குறையக்கூடும். அதனையும் சோதித்துக் கொள்வது நன்று.

இரண்டாம் இனம் கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு முதலியன. இவ்வினத்தின் வரலாறு விந்தையானது. 1942-இல் பிரான்சில் மோன்பெலியே நகரத்தில் ழான்போன் என்னும் மருத்துவர் டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களிற் சிலருக்குச் சர்க்கரை அபாயமாய் இறங்கிற்று. காரணம் தேடிய லூபத்தியேர் என்னும் அறிஞர், இம்மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்று கண்டார். தீங்காய்த் தோன்றியதே மருந்தாயிற்று. ஆயினும் அத் தீங்கு அதை விட்டு அகலவில்லை. நீங்கள் உண்டீர்களா, பட்டினியா என்று இம்மருந்து பார்ப்பதில்லை. இன்சுலினைச் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். என் தந்தையார் இதில் இரட்டை அளவை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு நண்பகல் வரை இருந்தார். இன்சுலின் ஊசி போட்டுக் கொள்வோரும் இவ்வாறே எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்.

100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்நிலை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சுக் குழறல், காரணமில்லாச் சினம் ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். குளுக்கோஸ் பொடியும் ஆகும். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள்; தெளியாவிடின் மறுமுறை கொடுங்கள்; தெளிந்த பின் உணவு கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இவ்வின மருந்துகள் நெடுநேரம் உடலில் நிற்பன. ஒருமுறை தெளிந்தவர்க்கும் சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கலாம். ஆதலால் தெளிந்தபின்னும் மருத்துவரைக் காண்பது கட்டாயம்.

மற்றொரு செய்தி. மெட்ஃபார்மினையும் கிளிமிப்பிரைடையும் ஒன்றாய்ச் சேர்த்த மாத்திரைகள் நம் நாட்டில் ஏராளம். ஆகவே ‘ஒரு மாத்திரை’ என்பது ‘ஒரு மருந்து’ ஆகாது. மெல்ல மெல்லக் கரையுமாறு செய்த மாத்திரைகளை உடைத்தோ பொடித்தோ உண்ணவும் கூடாது. நாள் முழுதும் இறங்க வேண்டிய மருந்து ஒரே சமயத்தில் இறங்கிவிடும்.

கொழுப்பும் குடையும்

கொலஸ்டிரால் பகைப்பொருள் அன்று. உயிரணுக்களின் சுவருக்கும் சில சுரப்பு நீர்களுக்கும் அது வேண்டும். அதில் பெரும்பகுதியை நம் உடலே, முக்கியமாய்க் கல்லீரல், செய்துகொள்கிறது. மிகுந்துபோனால் அது தமனிச் சுவரிற் படிகிறது. மாரடைப்பிற்கும் பக்கவாதத்திற்கும் வழியாகிறது.

1970-களில் ஜப்பானிய அறிஞர் அக்கிரா எண்டோ ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சோதித்து, பெனிசிலியம் சிட்ரினம் என்னும் பூஞ்சையிலிருந்து, கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். ஸ்டாட்டின் என்னும் மருந்தினம் அங்குத் தொடங்கிற்று. கல்லீரலில் உற்பத்தி குறைந்தால், அது தன் தேவைக்காக இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பை இழுத்துக் கொள்கிறது. அவ்வாறு இழுக்கும் ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985-இல் நோபெல் பரிசு பெற்றனர். 1987-இல் முதல் ஸ்டாட்டின் மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், இதய நோயுற்ற 4,444 பேரில் மருந்து உண்டவரிடையே, உண்ணாதவரைக் காட்டிலும், இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது.

இனி, ‘எண் சரியாகிவிட்டதே’ என்ற வினாவுக்கு வருவோம். மழையில் குடை பிடித்துச் செல்பவன் நனைவதில்லை. ‘நனையவில்லையே’ என்று நடுமழையில் குடையை மடக்கலாமா? மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் கொழுப்பு பழைய நிலைக்கே ஏறிவிடும். ஏறுவதும் தெரியாது, வலிக்காது, கடுக்காது. நீரிழிவு உடையோர்க்குக் கொழுப்பு அதிகம் இல்லாவிடினும், 40 வயதுக்கு மேல் பெரும்பாலும் மருத்துவர் இதை எழுதிக் கொடுக்கின்றனர். ஏனெனில் நோக்கம் எண் மட்டும் அன்று, இதயத்தைக் காப்பது.

இம்மருந்துக்கும் தீங்கு உண்டு. காரணமின்றித் தசை வலியும் தளர்ச்சியும் தோன்றினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீர் கருஞ்சிவப்பாய்ப் போனால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. கிளாரித்ரோமைசின், இட்ரகோனசோல் போன்ற மருந்துகள் சில ஸ்டாட்டின்கள் உடலிற் சிதைவதைத் தடுத்து அவற்றின் அளவை ஏற்றிவிடும். எனவே காய்ச்சலுக்கோ படைக்கோ வேறு டாக்டரிடம் போனாலும் ‘நான் இன்ன மாத்திரை உண்கிறேன்’ என்று கூறிவிட வேண்டும். கருவுற்றோரும் கருவுற எண்ணுவோரும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடரலாகாது. சிம்வாஸ்டாட்டினை இரவில் உண்பது வழக்கம். அட்டர்வாஸ்டாட்டினை எவ்வேளையிலும் உண்ணலாம், நாள்தோறும் அதே வேளையில் உண்டால் மறவாது.

ஒரு துண்டுத் தாள்

சில பொது விதிகள் உண்டு. ஒருவேளை மறந்தால் மறுவேளை இரண்டாக உண்ணாதீர்கள். அப்பாவுக்கு எழுதிய மாத்திரையை அம்மா உண்பது சிக்கனம் அன்று, ஆபத்து. பாகற்காய்ச் சாறு, சிறியாநங்கைப் பொடி முதலியவற்றைப் பருகுவோர் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுக. இரண்டும் சேர்ந்து சர்க்கரையை மிக இறக்கலாம். நோன்புக்கும் நெடும்பயணத்திற்கும் முன் மாத்திரையின் வேளையையும் அளவையும் கேட்டறிக. மூன்று திங்களின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைச் செய்வித்துக் கொள்க. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் ஆதலால், பரிசோதனைக்கு முதல்நாள் மட்டும் பட்டினி கிடந்து அதனை ஏமாற்ற இயலாது.

மறுநாள் என் தந்தையாரை இங்குள்ள ஒரு டாக்டர் அம்மையாரிடம் அழைத்துச் சென்றேன். தந்தையார் தமிழிற் சொன்னார். நான் இந்தியில் மாற்றிச் சொன்னேன். டாக்டர் அட்டைகளை மேசைமேல் வரிசையாய் அடுக்கி, ஒன்றை எடுத்து அப்புறம் வைத்தார். பிரிக்காமற் கிடந்ததை எடுத்து இப்புறம் வைத்தார். அவ்வளவுதான் வைத்தியம்.

அன்று மாலை ஒரு துண்டுத் தாளில் எழுதினேன்: தந்தையாரின் பெயர், என் தொலைபேசி எண், நோய், ஒவ்வொரு மாத்திரையின் உள்ளிருக்கும் மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, வேளை, உணவுக்கு முன்னா பின்னா என்பது, ஒவ்வாத மருந்து ஏதேனும் உண்டா என்பது. தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் மறுபக்கம். எல்லா ஊர் டாக்டரும் படிக்கலாம். எதிர் இருக்கையில் இருப்பவரும் படிக்கலாம்.

நண்பர்களே! நாம் தாய் தந்தையரை விட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கிறோம். மாதந்தோறும் அவர்கள் பணம் அனுப்புகிறார்கள், வாரந்தோறும் ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கிறார்கள். ‘நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று நாம் கேட்டதுண்டா? பொங்கலுக்கு ஊர் செல்லும்போது ஒரு மாலைப்பொழுது அந்தப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் அமருங்கள். எதையும் நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அது மருத்துவர் வேலை. படியுங்கள், எழுதுங்கள், மருத்துவரிடம் கேளுங்கள். வள்ளுவர் சொன்ன நான்காமவரின் வேலை அது.

ஊருக்குத் திரும்பும்போது தந்தையார் சட்டைப் பையில் அந்தத் தாளும் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் இருந்தன. வண்டி புறப்படுகையில் சன்னல் வழியே, “இந்த முறை நாகபுரியில் தூங்கமாட்டேன்” என்றார். அப்போது நானும் சிரித்தேன்.