மேகக் கணிமை: புதுக்கோட்டையிலிருந்து ஒரு வரவு செலவு

உலகம் முழுக்க ஓடும் மேகக் கணிமை மென்பொருளுக்குப் புதுக்கோட்டை மாணவர் ஒருவர் நிரல் எழுதித் தர என்ன செலவாகும்? இனம் இனமாகக் கணக்குப் போடுவோம்.

உரிமம்: ரூ. 0
நாசாவும் ரேக்ஸ்பேஸும் 2010இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக், கூகுள் 2014இல் திறந்துவிட்ட குபர்நெட்டிஸ் ஆகிய மேகக் கணிமை மென்பொருள்கள் இரண்டுமே அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கின்றன. மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம்.

கணினி: 8 ஜிபி ரேம்
குபர்நெட்டிஸைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பழக உதவும் மினிகியூப் கேட்பது 2 சிபியு, 2 ஜிபி காலி நினைவகம், 20 ஜிபி வட்டு இடம். தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தரும் மடிக்கணினியில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் உண்டு. ஆவணத் திருத்தத்துக்கும் சிறு பிழை நீக்கத்துக்கும் இது போதும்.

மின்சாரம்: 10.8 யூனிட்
60 வாட் மடிக்கணினி தினம் 3 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 10.8 யூனிட். வீடுகளுக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் இது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு.

இணையம்: 497 ஊராட்சிகள்
தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தின் மதிப்பு ரூ. 1,815 கோடி. சராசரியாக ஊராட்சிக்கு ரூ. 14.5 லட்சம். அந்தச் சராசரிப்படி புதுக்கோட்டை மாவட்டத்தின் 497 ஊராட்சிகளுக்கு ஏறத்தாழ ரூ. 72 கோடி.

உழைப்பு: 120 மணி நேரம்
பெரிய செலவு இதுதான். குபர்நெட்டிஸில் உறுப்பினர் ஆக, ஏற்கெனவே உள்ளே இருக்கும் 2 பேர் பரிந்துரைக்க வேண்டும். அடுத்த படியான மதிப்பாய்வாளர் ஆக, குறைந்தது 3 மாதம் உறுப்பினராக இருந்து, 20 கணிசமான திருத்தங்களையாவது எழுதியோ சரிபார்த்தோ முடித்திருக்க வேண்டும். ஒன்றுக்கு 6 மணி நேரம் என்று வைத்தால் 120 மணி நேரம். வாரம் 5 மணி நேரம் ஒதுக்கினால் 24 வாரம். கலிபோர்னியாவில் இருப்பவருக்கும் கந்தர்வகோட்டையில் இருப்பவருக்கும் இதே விதிதான்.

ஆள்: குறைந்தது 2
தன் திருத்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளக் குபர்நெட்டிஸில் இடமில்லை. ஆகவே குபர்நெட்டிஸ் ஆவணங்களுக்குப் புதிய மொழிப் பிரிவு தொடங்கக் குறைந்தது 2 பேர் வேண்டும். இந்தியும் வங்காளமும் அப்படித்தான் உள்ளே வந்தன. கூடி வேலை செய்வது புதுக்கோட்டைக்குப் புதிதல்ல. 1991-92இல் அறிவொளித் தொண்டர்கள் ஊர் ஊராக எழுத்தறிவித்த மாவட்டம் இது. 2015 அக்டோபரில் தமிழ் வலைப்பதிவர் சந்திப்பை இங்கே நடத்திக் காட்டியது கணினித் தமிழ்ச் சங்கம்.

வரவு: 1,500 டாலர்
திறந்த மூல மென்பொருளுக்குப் புதியவர்களை எழுதவைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடில் 175 மணி நேரத் திட்டம் ஒன்றுக்கு இந்தியாவிலிருந்து பங்கேற்பவருக்கு 1,500 டாலர் உதவித்தொகை தரப்பட்டிருக்கிறது. டாலருக்கு ரூ. 85 என்று கொண்டால் ரூ. 1,27,500, மணிக்கு ஏறத்தாழ ரூ. 729. தேர்வானவருக்கே இந்த வரவு. தேர்வாகாதவருக்கும், பெயர் போட்டு நிற்கும் பணியை எவரும் திறந்து பார்க்கலாம் என்பது மிஞ்சும். வேலை தேடும்போது அதற்கு மதிப்புண்டு.

ஐந்தொகை
இயந்திரத்துக்கும் கண்ணாடி இழைக்கும் அரசுப் பணம் வந்துவிட்டது. உரிமத்துக்குச் செலவே இல்லை. குறைவது நேரமும் துணையும்தான். ஒரு கல்லூரியில் 5 மாணவர்கள் வாரம் 5 மணி நேரம் வீதம் 40 வாரம் உட்கார்ந்தால் 1,000 மணி நேரம். பாதியை ஒருவர் நிரலை ஒருவர் சரிபார்க்க ஒதுக்கினாலும் 80 திருத்தங்களுக்கு மேல் அனுப்பலாம். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியும் கீரனூர், அறந்தாங்கிப் பக்கத்துக் கல்லூரிகளும் கால அட்டவணையில் இந்த 5 மணி நேரத்தைச் சேர்க்க வேண்டும். கூட உட்கார ஓர் ஆசிரியரையும் தர வேண்டும்.