விற்றுப் பிழைப்போர் – 9: ஏப்ரல் முதல் தேதி பூஜ்யம்

மார்ச் கடைசி வாரத்தில் எந்த ஊர் எல்.ஐ.சி. கிளைக்குள் நுழைந்தாலும் கல்யாண வீட்டுப் பரபரப்புதான். புரொபோசல் படிவத்தில் ஒட்டப் போட்டோ தேடுகிறவர் ஒருபக்கம். செக்கில் கையெழுத்து மாறிவிட்டதென்று மறுபடி பைக்கை உதைத்துக் கிளம்புகிறவர் ஒருபக்கம். வராந்தாவில் ஒருவர் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, “அண்ணே, ஒரே ஒரு பாலிசிதான் குறையுது. தம்பி பேர்ல போட்டுக் குடுங்கண்ணே, மெடிக்கலெல்லாம் நான் பார்த்துக்கறேன்” என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். அவர் நேற்று ஏஜென்சி எடுத்தவராக இருக்க வேண்டியதில்லை. வீட்டு ஷோகேஸில் ஷீல்டுக்கு இடமில்லாமல் பீரோ மேல் அடுக்கி வைத்திருக்கும் சீனியராகவும் இருக்கலாம்.

மறுநாள் ஏப்ரல் முதல் தேதி. எல்லார் பெயருக்கு நேரேயும் பூஜ்யம். முந்தைய நாள்வரை கிளையிலேயே முதல் ஆளாக இருந்தவரும், போன மாதம் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிய பையனும் ஒரே கோட்டில் நிற்பார்கள். இத்தனை வருடம் ஜெயித்தவர் ஏன் இன்னும் ஓடுகிறார் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பது இதனால்தான். வாங்கியது போதாதா? பேராசையா?

பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கமிஷன் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும்.

ஒருவர் 20 வருட எண்டோமென்ட் பாலிசி எடுக்கிறார், ஆண்டு பிரீமியம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெகுகாலம் நடைமுறையில் இருந்த விகிதப்படி, முதலாண்டில் போனஸ் கமிஷனோடு சேர்த்து அதிகபட்சம் 35 சதவீதம், அதாவது 8,400 ரூபாய் ஏஜென்ட்டுக்கு வரும். இரண்டாம், மூன்றாம் வருடங்களில் ஏழரை சதவீதம்: 1,800 ரூபாய். நான்காம் வருடத்திலிருந்து ஐந்து சதவீதம்: 1,200 ரூபாய். முதல் தொகையைப் பார்த்தால் கண் விரியும், பின்னால் வருவது டீச்செலவு மாதிரித் தெரியும். ஆனால் உயிரோடிருக்கும் அப்படிப்பட்ட பாலிசிகள் 400 கையில் இருந்தால், ஆள் வீட்டை விட்டு நகராமலே வருடத்துக்கு 4,80,000 ரூபாய். ஏஜென்ட் இறந்துபோனாலும், விதிகளுக்கு உட்பட்டு, அது வாரிசுக்குப் போய்ச் சேரும். ‘ரினியூவல்’ என்று இவர்கள் உச்சரிக்கும்போது குரலில் ஒரு தனிப் பரிவு ஒட்டிக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

ஆக இந்தத் தொழிலில் இரண்டு கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று ஏப்ரலில் அழிந்துவிடும். இன்னொன்று 2006-ல் மழையில் நனைந்து போய்ப் போட்ட பாலிசிக்கு இன்றைக்கும் காசு தரும். நிம்மதி இரண்டாவதில் இருக்கிறது, கைதட்டல் முதலாவதில்.

இரண்டாவது கணக்கு நிறைந்தவர்கள் எத்தனை பேர்? இந்தியா முழுக்க எல்.ஐ.சி.க்குப் பதின்மூன்று லட்சத்துக்கும் மேலான ஏஜென்ட்டுகள். 2024-ல் நிதி அமைச்சகத்துக்குப் போன ஒரு குறிப்பைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. தமிழ்நாட்டில் 87,347 ஏஜென்ட்டுகள், அவர்களின் சராசரி மாத வருமானம் 13,444 ரூபாய் என்றது அது. இமாச்சலத்தில் 10,328, அந்தமானில் 20,446. சராசரி ஒரு போக்கிரி எண். பகுதிநேரமாக வருடத்துக்குப் பன்னிரண்டு பாலிசி போட்டு ஏஜென்சியை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும் பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவியும், காரில் டிரைவர் வைத்துப் போகும் சேர்மன்ஸ் கிளப்காரரும் அதற்குள் ஒன்றாகக் கிடக்கிறார்கள். ஆனாலும் பெருவாரியானவர்களுக்கு ‘இன்னும் கொஞ்சம் வேண்டும்’ என்பது ஆசையல்ல, வாடகைக் கணக்கு என்பதை அந்த எண் சொல்லாமல் விடவில்லை.

நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் படிகள். பிராஞ்ச் மேனேஜர் கிளப், டிவிஷனல் மேனேஜர் கிளப், ஜோனல் மேனேஜர் கிளப், சேர்மன்ஸ் கிளப். ஒவ்வொரு படியிலும் வாகனக் கடன், அலுவலகச் செலவு, போன் செலவு என்று சலுகைகள் கூடும். உள்நாட்டுப் படிகள் தீர்ந்தால் வெளிநாட்டு ஏணி ஒன்று உண்டு: எம்.டி.ஆர்.டி. மில்லியன் டாலர் ரவுண்ட் டேபிள் என்ற இந்த அமைப்பை 1927-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 32 பேர் கூடித் தொடங்கினார்கள். வருடத்துக்கு மில்லியன் டாலர் காப்பீடு விற்றவர்களின் மேஜை அது. இன்று அந்தத் தகுதியைப் போல மூன்று மடங்கு செய்தால் ‘கோர்ட் ஆஃப் தி டேபிள்’, ஆறு மடங்கு செய்தால் ‘டாப் ஆஃப் தி டேபிள்’. உச்சிக்குப் போனாலும் அடுத்த வருடம் மறுபடி தகுதி பெற்றாக வேண்டும். விசிட்டிங் கார்டில் அந்த நான்கெழுத்து இருந்தால் வாடிக்கையாளர் உட்காரச் சொல்லிக் காபி கொடுப்பார் என்பதும் உண்மைதான்.

கோணல் ஆரம்பிப்பதும் இங்கேதான். கிளப்புக்கு இரண்டு பாலிசி குறைகிறது என்றால், சிலர் முதல் பிரீமியத்தைத் தங்கள் கைக்காசிலிருந்து கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர், “என் கமிஷனே உங்களுக்குத்தான், சார்” என்கிறார்கள். கமிஷனில் பங்கு கொடுத்து பாலிசி பிடிப்பதை 1938-ம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41-ம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் பத்து லட்சம் ரூபாய்வரை அபராதம். புரொபோசல் படிவத்திலேயே அந்தப் பிரிவு அச்சாகியிருக்கும். இருந்தும் நடக்கிறது. இப்படிப் பிடித்த பாலிசியில் இரண்டாவது தவணை பெரும்பாலும் வருவதில்லை, லேப்ஸ் ஆகிவிடும். ரினியூவல் இல்லை, முதலாண்டுக் கமிஷனும் கையில் தங்கவில்லை, மிஞ்சியது ஷீல்டு. வெற்றி பெற்ற உணர்வைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார், அதுவும் தன் வருமானத்திலிருந்தே. பேராசைக்காரர் இந்தத் தப்பைச் செய்யமாட்டார் என்பதுதான் வேடிக்கை.

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில், பீங்கான் பாத்திரம் செய்கிற ஈஸ்ட் லிவர்பூல் என்ற சின்ன ஊரில் பென் ஃபெல்ட்மேன் என்றொருவர் இருந்தார். அப்பாவின் கோழி வியாபாரத்தில் வெண்ணெயும் முட்டையும் விற்று வாரம் பத்து டாலர் சம்பாதித்தவர். 1942-ல் நியூயார்க் லைஃப் நிறுவனத்தில் ஏஜென்ட் ஆனார். விற்பனையாளருக்கு இருக்க வேண்டியதாக நாம் நினைக்கும் எதுவும் அவரிடம் கிடையாது. குள்ளமான உருவம், பேச்சில் குழறல், கூட்டம் என்றால் கூச்சம். எம்.டி.ஆர்.டி. மேடையில் பேச அழைத்தபோது, தனக்கும் கூட்டத்துக்கும் நடுவே திரை கட்டினால்தான் பேசுவேன் என்றாராம். அந்த ஆள் வாழ்நாளில் நூற்றைம்பது கோடி டாலருக்கும் மேலான காப்பீட்டை விற்றார். 1992-ல் அவருடைய ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாட நிறுவனம் பிப்ரவரி மாதம் முழுக்க நாடு தழுவிய விற்பனைப் போட்டி ஒன்றை அறிவித்தது. அவர் மரியாதைக்கு மேடையில் உட்கார்ந்திருந்தால் போதும். மூளை ரத்தக்கசிவிலிருந்து மீண்டுகொண்டிருந்த அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. ஆனால் தன் பெயரில் நடந்த போட்டியில் தானும் இறங்கி, முதல் பரிசையும் அவரே தட்டிக்கொண்டு போனார்.

அந்த வயதில் அவருக்குப் பணமா குறை? ஐம்பது வருட ரினியூவல் கையில் இருந்தது. பாலிசி விழவில்லையென்றால் அடுப்பெரியாது என்ற பயம் போன பிறகும் விற்கப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். பயத்தில் விற்கிறவரின் குரலை வாடிக்கையாளர் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். அது இல்லாதவர் கொஞ்சம் பெரிய தொகையையும் கூசாமல் கேட்பார். சீனியர்களின் பாலிசித் தொகை பெரிதாக இருப்பதில் பழக்கவழக்கத்துக்கும் செல்வாக்குக்கும் இருக்கும் பங்கு இதற்கும் உண்டு.

இந்தக் கணக்கெல்லாம் 2024 அக்டோபரில் கலைந்தது. பாலிசியைப் பாதியில் சரண்டர் செய்கிறவர்களுக்குக் கூடுதல் பணம் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய விதி வந்ததும், எல்.ஐ.சி. முதலாண்டுக் கமிஷனை போனஸோடு சேர்த்து 35-லிருந்து 28 சதவீதமாகக் குறைத்து, பின்னால் வரும் கமிஷனை உயர்த்தியது. ஏஜென்ட் சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின. போட்ட பாலிசி நின்று நிலைத்தால் புதிய ஏற்பாடு லாபம்தான். இருபது வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் தெரியும். ஆனால் இந்த வருடம் ஏஜென்சி எடுத்தவர் இருபது வருடம் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. முதல் மூன்று வருடம் அவருக்குச் சோறு போடுவது முதலாண்டுக் கமிஷன் மட்டுமே. அதே நேரத்தில் சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. நியூ எண்டோமென்ட் திட்டத்தில் குறைந்தபட்சக் காப்பீட்டுத் தொகை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது, சேரும் வயதின் உச்சவரம்பு 55-லிருந்து 50 ஆனது. மாதம் ஐந்நூறு ரூபாய் கட்டக்கூடிய வீடுகளை நம்பி டி.வி.எஸ். 50-ல் சுற்றிய கிராமத்து ஏஜென்ட்டுக்குக் கமிஷன் வெட்டைவிட இதுதான் பெரிய அடி.

(தொடரும்)