சோதித்தறிந்து சொல்லுதல்

ஒரு நாட்டின் மொழியில் எழுதப்பெற்ற மடல் வேற்றுமொழி பேசுவோரிடம் சென்று சேருமாயின், அதனைப் பெயர்த்துரைக்க ஒருவர் வேண்டும். கணிப்பொறி விளையாட்டுகளின் நிலையும் இத்தகையதே. அவற்றுள் மிகப் பல, விண்டோஸ் என்னும் இயங்குதளத்தைக் கருத்திற்கொண்டே ஆக்கப்படுகின்றன. 2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்க நாட்டு வால்வு நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டீம் டெக்’ என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியோ, லினக்ஸ் இயங்குதளத்தின்மீது அமைந்தது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று பெயர்த்துரைக்கும் பணியைப் ‘புரோட்டான்’ என்னும் மென்பொருள் ஆற்றுகின்றது. 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘வைன்’ என்னும் மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட இது, 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளிவந்தது.

பெயர்த்துரைப்பவர் எத்துணை வல்லவராயினும், சிற்சில இடங்களில் பொருள் பிறழ்தல் இயல்பு. அதுபோலவே சில விளையாட்டுகள் செவ்வனே இயங்கும். சிலவற்றில் ஒலி எழாது. சில தொடங்கவே மாட்டா. விளையாட்டுகளோ பல்லாயிரம். அவற்றையும், அவற்றில் அவ்வப்போது நிகழும் மாற்றங்களையும் ஒரு நிறுவனமே முற்றச் சோதித்தல் எளிதன்று. ஆதலின், ஆடுவோர் தாம் கண்டறிந்தவற்றைத் தாமே பதிந்துவைக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்று 2018ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் பெயர் ‘புரோட்டான் டிபி’ என்பதாகும்.

அக்களஞ்சியத்தில் விளையாட்டுகள் தரம் பிரிக்கப்படுகின்றன. எம்மாற்றமுமின்றி நன்கு இயங்குவது பிளாட்டினம். சிறு மாற்றங்கள் செய்தபின் நன்கு இயங்குவது தங்கம். சிறு குறைகளுடன் இயங்குவது வெள்ளி. அடிக்கடி இடர்ப்படுவது வெண்கலம். இயங்காதவற்றிற்கும் தனியிடம் உண்டு. இத்தரங்கள் பலருடைய அறிக்கைகளைக் கொண்டே அமைகின்றன.

நல்ல அறிக்கை எவ்வாறு இருத்தல் வேண்டும்? ‘நன்றாக இயங்குகின்றது’ என்னும் ஒரு தொடர் எவர்க்கும் பயன்படாது. எந்தக் கருவி, புரோட்டானின் எந்தப் பதிப்பு, என்னென்ன அமைப்புகள் மாற்றப்பட்டன, எவ்வளவு நேரம் ஆடப்பட்டது என்பனவெல்லாம் அதில் இடம்பெறல் வேண்டும். சோதிக்குங்கால் ஒரு நேரத்தில் ஓர் அமைப்பையே மாற்றுதல் வேண்டும். மூன்றினை ஒருங்கே மாற்றினால், குறையைத் தீர்த்தது எது என அறிய இயலாது அன்றோ?

கையடக்கக் கருவிக்கு மற்றொரு கணக்கும் உண்டு. முதலில் வந்த ஸ்டீம் டெக்கின் மின்கலம் ஏறத்தாழ 40 வாட்-மணி ஆற்றல் உடையது. கருவி முழுவதும் 20 வாட் செலவிடுமாயின் இரண்டு மணி நேரமும், 10 வாட் செலவிடுமாயின் நான்கு மணி நேரமும் ஆடலாம். நொடிக்கு 60 படங்கள் தோன்றும்போது ஒரு படம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி நிற்கும். 30 படங்களாயின் 33.3 மில்லிநொடி நிற்கும். 40 படங்களாக அமைப்பின் ஒவ்வொன்றும் 25 மில்லிநொடி நிற்கும். இது முன்னைய இரண்டு அளவுகளுக்கும் சரிநடுவாதலின், அசைவும் பெரிதும் கெடாது, மின்னாற்றலும் மிச்சமாகும். இத்தகைய நடுவழியை ஒருவர் கண்டு எழுதிவைத்தால், பின்வருவோர் பலருக்கு வீண்முயற்சி குறையும்.

அரைகுறையாகச் சோதித்து எழுதுவதால் விளையும் தீங்கும் சிறிதன்று. ஸ்டீம் விற்பனையகத்தின் பொதுவிதிப்படி, வாங்கிய 14 நாள்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்கு மேற்படாதிருந்தால் விலைப்பணத்தைத் திரும்பப் பெறலாம். பத்து நிமிடமே ஆடிய ஒருவர் ‘குறை ஏதுமில்லை’ என எழுதுகின்றார் எனக் கொள்வோம். அதனை நம்பி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் மாணவன் ஒருவன் அவ்விளையாட்டை வாங்குகின்றான். மூன்றாம் மணியில் அது நின்றுவிடுகின்றது. எழுதியவருக்கு இழப்பில்லை, நம்பியவன் பணத்தை இழக்கின்றான். பத்து நிமிடமே ஆடியதாக அவர் எழுதியிருந்தாலும் அவன் எச்சரிக்கை கொண்டிருப்பான்.

ஆகவே, வெற்றியை மட்டுமன்றித் தோல்வியையும் பதிவுசெய்தல் கடமையாகும். ‘இவ்வமைப்பால் பயனில்லை’ என்னும் செய்தியும் ஓர் அறிவே. புதிய பதிப்பு வரும்போது பழைய முடிவு பொருந்தாமற் போகலாம். அப்போது மீண்டும் சோதித்துத் திருத்தி எழுதுதலும் வேண்டும்.

இப்பணிக்கு ஊதியம் இல்லை. படிப்போர் எழுதியவரின் முகத்தையும் அறியார். ஆயினும் முன்பின் அறியாத ஒருவர் தம் சொல்லை நம்பிப் பொருள் செலவிடுகின்றார் என்னும் எண்ணம் எழுதுவோர் நெஞ்சில் நிற்றல் வேண்டும். கண்டதைக் கண்டவாறும், காணாததைக் காணவில்லை என்றும் உரைக்கும் நேர்மையே அக்களஞ்சியத்தைத் தாங்கும் தூணாகும்.