அரமும் ஏடும்

கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது. 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்குகிறது. இங்கு இயந்திரப் பொறியியல் பயில வரும் மாணவர் முதலாண்டிலேயே பட்டறையில் அரம் பிடித்து இரும்பை அராவ வேண்டும். மனனத்தால் மதிப்பெண் குவித்தோர் தடுமாறும் இடம் இதுவே. தகட்டின் விளிம்பு கோணினால் மூலைமட்டம் காட்டிக்கொடுத்துவிடும். சொல்வன்மை அங்கே எடுபடாது.

பின்னர் இயந்திர இயக்கவியல் என்னும் பாடம் வருகிறது. சுழற்சி முன்பின் அசைவாக மாறும் விதம் அதில் கணக்கிடப்படுகிறது. அவ்வாறு மாற்றி நீரிறைக்கும் பொறியொன்றை அல்ஜஸரீ 1206இல் நிறைவுசெய்த தம் அரபு நூலில் படத்துடன் விளக்கியுள்ளார். அவர் அரசவையில் பணியாற்றிய பொறியாளர். தம் கையால் பொறிகளைச் செய்து இயக்கிப் பார்த்தவர். அரபு மதரஸாக்களில்கூட அப்பெயரை அறிந்தோர் சிலரே!

கலந்தாய்வில் இப்பிரிவைத் தேர்ந்தெடுக்குமுன், பழுதான மிதிவண்டியைக் கழற்றிப் பார்க்கும் ஆர்வம் பிள்ளைக்கு உண்டா எனப் பெற்றோர் வினவிக்கொள்வது நலம்.