தலை தூக்காத பூனை

சிறுநீரகம் கெட்டவருக்கு நம் பக்கம் முதலில் சொல்லும் பத்தியம், "இளநீரைத் தொடாதீங்க, வாழைப்பழம் வேணாம்" என்பதுதான். புதுச்சேரி கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கோப்பும் கையுமாக அலையும் குடும்பங்களுக்கு இது மனப்பாடம். அவற்றிலுள்ள பொட்டாசியம் உடம்பில் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதே வீட்டுத் திண்ணையில் அதே நோயோடு ஒரு கிழட்டுப் பூனை படுத்திருந்தால், அதன் பிரச்சினை நேர்மாறாக இருக்கலாம். நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள பூனைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குப் பொட்டாசியம் குறைந்துபோகிறது.

காரணம் எளிது. கெட்டுப்போன சிறுநீரகத்தால் நீரைப் பிடித்துவைக்க முடிவதில்லை. பூனை அடிக்கடி மூத்திரம் போகிறது, பொட்டாசியமும் கூடவே போகிறது. தீனி எடுக்காமல் வாந்தியும் எடுத்தால் வரவு நின்று செலவு மட்டும் நடக்கும்.

இந்தக் குறையைக் கழுத்து காட்டிக்கொடுத்துவிடும். மாட்டுக்கும் நாய்க்கும் தலையைத் தாங்கிப் பிடிக்கப் பிடரியில் உறுதியான நார் ஒன்று உண்டு. பூனைக்கு அது இல்லை, தசைதான் தாங்க வேண்டும். தசை சோர்ந்தால் மோவாய் நெஞ்சில் போய் ஒட்டிக்கொள்ளும். கூப்பிட்டால் தலை எழாது, கண் மட்டும் மேலே பார்க்கும். பின்னங்காலின் குதி தரையில் பதிய நடக்கும். தாவி ஏறிய மதில் எட்டாமல் போகும். "வயசாயிடுச்சு" என்று நாம் விட்டுவிடுகிற அடையாளங்கள் இவை.

குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூடையில் தூக்கிப்போய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5.5 மில்லி ஈக்விவலென்ட் வரை இருந்தால் ஏறக்குறைய சரி. 2.5க்குக் கீழே போனால் தசைகள் மிகவும் தளரும். இன்னும் இறங்கினால் மூச்சுத் தசையே ஓயக்கூடும்.

பூனை சாப்பிடும் நிலையில் இருந்தால், மருத்துவர் எழுதித்தரும் பொட்டாசியம் குளுக்கோனேட் அல்லது சிட்ரேட்டை வாய்வழியாகக் கொடுக்கலாம். திரவ மருந்தானால் ஊசி இல்லாத சிரிஞ்சைக் கன்னத்தின் ஓரம் நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தீனித் தட்டைக் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் வையுங்கள். நிமிர முடியாத கழுத்துக்கு அது பெரிய உதவி.

மிகவும் குறைந்திருந்தால் டிரிப்ஸ்தான். அதிலும் அவசரம் கூடாது. 10 மில்லி பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் ஒன்றில் 20 மில்லி ஈக்விவலென்ட் இருக்கும். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி ஈக்விவலென்ட்தான் உச்ச வரம்பு. 4 கிலோ பூனைக்கு அந்த ஒரே ஆம்பூலை ஏற்றவே பத்து மணி நேரம் வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

அதனால்தான் இளநீரை ஊற்றிப் பார்க்கும் கைவைத்தியம் வேண்டாம் என்கிறேன். மூத்திரம் அடைத்து முக்கும் கடுவன் பூனையும் இப்படித்தான் சோர்ந்து கிடக்கும். அதன் உடம்பிலோ பொட்டாசியம் ஏறிக்கொண்டிருக்கும், அதற்குக் கொடுக்கும் ஒவ்வொரு சொட்டும் ஆபத்து. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சோர்வுதான். பிரித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனை வேண்டும்.

அளவு சரியானால் சில நாட்களிலேயே கழுத்து நிமிரும். தெருவில் மீன்காரம்மா குரல் கேட்டதும் தலை தூக்கிப் பார்க்கும். அன்றைக்கும் சந்தோஷத்தில் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் தேதி கேட்டுவையுங்கள்.