கட்டுவதற்கு முன் எழுதிக்கொள்வோம்: வீடு கட்டுவோரும் சிவில் படிப்போரும் அறிய வேண்டிய ‘பிம்’



ஒரு குடும்பம் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு பெரும்பாலும் வீடுதான். சவூதியிலோ துபாயிலோ பத்துப் பதினைந்து வருடம் உழைத்துச் சேர்த்தது, வீட்டுப் பெண்களின் நகை, உறவினரிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் அதற்குள் போகிறது. ஆனால் அந்த வேலையைத்தான் நாம் மிகக் குறைந்த எழுத்தோடு செய்கிறோம். ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்று ஒரு வாய்ப்பேச்சு, ஒரே ஒரு பிளான் தாள், கொடுத்த பணத்தைக் குறித்த ஒரு நோட்டு. பாதி வேலையில் தகராறு வந்தால் எடுத்துக் காட்ட எதுவும் இருப்பதில்லை.

பெரிய கட்டடங்களில் இந்த நிலை மாறிவிட்டது. அங்கே இப்போது கட்டடம் முதலில் கணினிக்குள் முழுதாகக் கட்டப்படுகிறது. பிறகுதான் மண்ணில் கட்டப்படுகிறது. இந்த முறைக்குப் ‘பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்’ என்று பெயர், சுருக்கமாகப் ‘பிம்’. தமிழில் ‘கட்டடத் தகவல் மாதிரி’ எனலாம். இதை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நம் வீடு. மற்றொன்று, நம் பிள்ளைகளின் வேலை.

கோடு வேறு, சுவர் வேறு

வழக்கமான பிளான் என்பது கோடுகள். தாளில் வரைந்தாலும் ஆட்டோகேடில் வரைந்தாலும், அந்தக் கோட்டுக்குத் தான் ஒரு சுவர் என்பது தெரியாது. பிம் முறையில் வரைபவர் கோட்டை வரைவதில்லை, சுவரையே வைக்கிறார். அது 9 அங்குலச் சுவரா, 4½ அங்குலச் சுவரா, எந்தக் கல், எவ்வளவு உயரம், அதில் எத்தனை கதவு ஜன்னல் என்ற தகவல் எல்லாம் அந்தச் சுவரோடு சேர்ந்தே இருக்கும்.

இதனால் என்ன பயன்? ஒரு கதவை இரண்டடி தள்ளி வைத்தால் பிளான், எலிவேஷன், குறுக்குவெட்டுப் படம் மூன்றும் தானாக மாறும். அளவுக் கணக்கும் மாறும். 10 அடி நீளம், 10 அடி உயரமுள்ள சுவர் 100 சதுர அடி. அதில் 3½ அடிக்கு 7 அடி கதவு வந்தால் 24½ சதுர அடி கழிய வேண்டும். பூச்சுக்கும் பெயின்டுக்கும் மீதி 75½ சதுர அடிக்குத்தான் கூலி. இந்தக் கழிவைப் பற்றித்தான் பல வீடுகளில் மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் மனத்தாங்கல் வருகிறது. மாதிரியில் கணக்கு முன்பே இருந்தால் பேச்சுக்கு இடமில்லை.

அடுத்த பயன் இன்னும் பெரியது. ரூஃப் கான்கிரீட் போட்ட பிறகு, பாத்ரூம் பைப் போகும் வழியில் பீம் குறுக்கே நிற்பது தெரியவருகிறது. பிளம்பர் பீமைக் குடைந்து பைப்பை விடுகிறார். வீட்டைத் தாங்கும் உறுப்பிலேயே ஓட்டை. தவறு பிளம்பருடையது மட்டுமல்ல. இன்ஜினியர் வரைந்தது ஒரு தாளில், பைப் லைன் இன்னொருவர் மனத்தில். பிம்மில் பீம், பைப், மின்வயர், ஏசி குழாய் எல்லாம் ஒரே மாதிரிக்குள் வருவதால் எங்கே மோதுகின்றன என்பதைக் கணினி முன்கூட்டியே காட்டிவிடும். திரையில் திருத்தச் செலவில்லை. கான்கிரீட்டில் திருத்தினால் பணமும் போகும், பலமும் போகும்.

இந்த மாதிரியோடு வேலை நாட்களைச் சேர்த்தால் எந்த வாரம் எது கட்டப்படும் என்பதைப் பார்க்கலாம். இதை 4டி என்பார்கள். செலவையும் சேர்த்தால் 5டி. நாக்பூர் மெட்ரோ ரயில் இந்த 5டி முறையில் திட்டமிடப்பட்டது. காஷ்மீரில் 2025 ஜூனில் திறக்கப்பட்ட செனாப் ரயில் பாலம் ஆற்றுப் படுகைக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் இரும்புப் பாகங்களின் நுணுக்க வரைபடங்கள் ‘டெக்லா’ என்ற மாதிரியமைப்பு மென்பொருளில் தயாரானவை. துபாய் மாநகராட்சி 2013-இல் 40 மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குப் பிம்மைக் கட்டாயமாக்கியது. 2015-இல் அதை 20 மாடிக்கு மேற்பட்டவற்றுக்கும் விரித்தது. சிங்கப்பூரில் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு அனுமதி கேட்கும்போதே மாதிரியைக் கொடுத்தாக வேண்டும்.

கணினி பொய் சொல்லாது, மனிதன் சொல்லலாம்

இதைப் படித்துவிட்டு, கணினி இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 மாலை, கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். அன்று செங்கல்பட்டும் சேர்ந்திருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் நடந்த விபத்து அது. இறந்தவர்களில் பலர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள். இடி விழுந்ததால்தான் என்று முதலில் சொல்லப்பட்டது. வல்லுநர்களின் ஆய்வு, கட்டமைப்பு வடிவமைப்பிலேயே குறைகள் இருந்ததைச் சுட்டியது. பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டடமும் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

தூணின் அளவைத் தவறாகப் போட்டால் பிம் அந்தத் தவறான தூணைத்தான் அழகாகக் காட்டும். மண் பரிசோதனை செய்யாமல் அஸ்திவாரம் வரைந்தால் அதையும் காட்டும். கருவி எதுவானாலும் அதன் பின்னே தகுதியுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இருக்க வேண்டும். அவர் அமானிதத்தைப் பேணுபவராகவும் இருக்க வேண்டும். ஆனால் எல்லாம் எழுத்தில் இருந்தால் இன்னொரு வல்லுநர் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்பேச்சில் அந்த வாய்ப்பே இல்லை.

கடற்கரை வீடும் 45 மில்லிமீட்டரும்

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் வீடு கட்டுவோர் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே உள்ள கனத்தைக் ‘கவர்’ என்பார்கள். உப்புக் காற்று இந்தக் கவரைத் தாண்டி உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால் உள்ளிருந்து தள்ளி கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோர வீடுகளில் சன்ஷேடும் சீலிங்கும் பெயர்ந்து கம்பி தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 456 : 2000, வானிலை பாதிப்பு குறைந்த உள்நாட்டுப் பகுதித் தளத்துக்கு 20 மில்லிமீட்டர் கவரும் எம்20 கான்கிரீட்டும் போதும் என்கிறது. கடலோரத்தில் உப்புக் காற்றிலிருந்து மறைவாக உள்ள பரப்புக்கு 30 மில்லிமீட்டர், எம்25. கடலோரச் சூழலுக்கு நேரடியாகத் திறந்திருக்கும் பரப்புக்கு 45 மில்லிமீட்டர், எம்30. செங்கல்பட்டு நகரத்தில் வீடு கட்டிப் பழகிய மேஸ்திரி அதே பழக்கத்தில் கோவளத்தில் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கம்பிக்கு அடியில் உரிய கவர் பிளாக் வைக்காமல் கிடைத்த ஜல்லியை வைப்பதும் உண்டு.

கான்கிரீட் விழுந்த பிறகு கவர் 20-ஆ 45-ஆ என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு உறுப்பின் கவர், கம்பி, கான்கிரீட் தரம் ஆகியவற்றைப் பதிந்து வைப்பது பிம்மின் வேலைகளில் ஒன்று. நம் சிறிய வீட்டில் அந்தப் பதிவை நாமே செய்துகொள்ளலாம்.

அனுமதி எளிது, பொறுப்பு அதிகம்

அரசு நடைமுறையும் கணினிக்கு வந்துவிட்டது. தமிழக அரசு 2024 ஜூலை 22 அன்று சுயசான்று முறையில் கட்டட அனுமதித் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டிய கள ஆய்வு இல்லை. அலைச்சல் குறைந்தது நல்லதே. ஆனால் சொன்னது அனைத்தும் உண்மை என்று சான்று தருபவர் நாம்தான்.

மாமல்லபுரத்தில் இருப்போருக்கு இன்னொரு கவனமும் தேவை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன்அனுமதி வேண்டும். பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி கேட்டாக வேண்டும். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. மனை வாங்கும் முன்பே இவற்றை விசாரியுங்கள்.

நம் வீட்டுக்கு நாம் செய்யக்கூடியவை

ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு முழுப் பிம் மாதிரி செய்யத்தான் வேண்டும் என்பதில்லை. அதன் பழக்கங்களை எடுத்துக்கொண்டால் போதும்.

1. வண்ண வண்ணமாகக் காட்டப்படும் ‘3டி எலிவேஷன்’ பிம் அல்ல. அது படம் மட்டுமே. அதில் கம்பியும் இல்லை, கணக்கும் இல்லை. அஸ்திவாரம், தூண், பீம், தளம் ஆகியவற்றுக்கு ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தை இன்ஜினியரின் கையெழுத்தோடு தனியாகக் கேளுங்கள். மண் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

2. சென்ட்ரிங் தொடங்கும் முன் இன்ஜினியர், மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன் நால்வரையும் ஒரு நாள் ஒன்றாக உட்கார வையுங்கள். எந்தப் பைப் எங்கே இறங்குகிறது, எந்த பீமின் குறுக்கே வருகிறது என்பதை ஒரே தாளில் குறிக்கச் சொல்லுங்கள்.

3. ஒப்பந்தத்தில் அளவு, விலை, பொருளின் தரம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், எது சேரும், எது சேராது என்பதை எழுதி இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திடுங்கள்.

4. ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முன், கம்பி கட்டி முடித்த நிலையில் டேப்பை வைத்து அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள். எந்தத் தூண், எந்தத் தேதி என்று குறித்து வையுங்கள். சுவரைப் பூசும் முன் வயர், பைப் போகும் பாதையையும் எடுங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கும் அன்றன்றே அனுப்பிவிடலாம்.

5. வேலை முடிந்ததும் வரைபடம், ஒப்பந்தம், பில், போட்டோ எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கிப் பாதுகாத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து ஆணி அடிக்கவும் மாடி எழுப்பவும் அதுதான் வழிகாட்டி.

பள்ளிவாசல், மதரஸா கட்டும் ஜமாஅத்தினருக்கு இது இன்னும் பொருந்தும். அது பலருடைய பணம். பலர் கூடும் இடமும் அதுதான். அங்கே முழு மாதிரியே செய்யச் சொல்லலாம்.

சிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு

வளைகுடாவுக்கு டிராஃப்ட்ஸ்மேனாகப் போக ஆட்டோகேட் மட்டும் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. பெரிய திட்டங்களில் பிம் மாடலர், பிம் கோஆர்டினேட்டர் போன்ற பணிகள் வந்துள்ளன. அதிகம் பயன்படும் மென்பொருள் ‘ரெவிட்’. கட்டடங்களின் மோதலைச் சோதிக்க ‘நேவிஸ்வொர்க்ஸ்’. இரும்புக் கட்டமைப்புக்கு ‘டெக்லா’. பெரும்பகுதி கணினி முன் செய்யும் வேலை என்பதால் சிவில், ஆர்கிடெக்சர் படித்த நம் பெண் பிள்ளைகளுக்கும் இது ஏற்றது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது: அவசரப்பட்டுப் பெரிய தொகையைக் கட்டி எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் சேர்க்காதீர்கள். ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். முதலில் கல்லூரியில், அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் தங்கள் துறைக்கு என்ன பயிற்சி உள்ளது என்று கேட்கச் சொல்லுங்கள். ரெவிட்டை வெளியிடும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு அதை இலவசமாகவே தருகிறது. திருட்டு மென்பொருள் தேவையில்லை, அது நமக்கு ஆகுமானதும் அல்ல. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐடிஐ-யில் இரண்டு வருட ‘டிராஃப்ட்ஸ்மேன் சிவில்’ படிப்பும் ஒரு நல்ல தொடக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வருடமாவது சைட்டில் நிற்கச் சொல்லுங்கள். கம்பி எப்படிக் கட்டுகிறார்கள், சென்ட்ரிங் எப்போது பிரிக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்காதவர் ரெவிட்டில் வைக்கும் தூண் வெறும் பெட்டிதான்.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா 282, கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியும் சாட்சிகளை வைப்பதைப் பற்றியும் பேசுகிறது. இத்தனை பெரிய இடம் அதற்குத் தரப்பட்டிருப்பதை நாம் சிந்திக்க வேண்டும். எழுதுவது அடுத்தவர் மீதுள்ள அவநம்பிக்கை அல்ல. இருவரின் மனமும் முறியாமல் காக்கும் வழி. அடுத்த முறை வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் முன் ஒரு கோப்பை வாங்கி, முதல் தாளை அதில் வையுங்கள். நம் வீடுகளையும் அவற்றில் வாழ்வோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.